வலையில் வந்தவை

சாடியின் கழுத்து ஒருகாலத்தில் உடைந்திருந்தது. ஒட்டின இடம் தெரியாதபடி ஒட்டியிருந்தார்கள்.

அவள் கண்ணாடிக்கு மிகக் கிட்ட நின்றாள். மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது.

"இரண்டாயிரம் வருசம் பழசாம், அம்மா," என்றாள் ஆரபி. வழிகாட்டிப் பெண் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, மகள் அதைத் தமிழாக்கித் தந்துகொண்டிருந்தாள். "எண்ணெய் ஏத்திக்கொண்டு போன கப்பல். புயலில கடலடிக்குத் தாண்டு போச்சாம். வாசல்ல டிக்கெட் கிழிச்சுத் தந்த அந்தத் தாத்தாவின்ர வலையிலதான் இந்தச் சாடி வந்ததாம்."

அவளுக்கும் கணவருக்கும் கல்யாண நாளுக்கு மகள் தந்த பரிசு இந்தப் பயணம். இத்தாலிக்குத் தெற்கே ஒரு தீவு. கடலைப் பார்த்த வீடு. சூரிச்சில் விமானம் ஏறும்வரை எந்தத் தீவு என்று ஆரபி வாய் திறக்கவில்லை. பலகையில் பெயரைக் கண்டதும் அவள் கணவரைப் பார்த்தாள். அவர் பெட்டிகளைச் சரிபார்க்கத் தொடங்கினார்.

காலையில் எழும்பினால் ஒரு பயணம். கோட்டை. தேவாலயம். கிரேக்கர் கட்டின கல் அரங்கு. எல்லாவற்றுக்கும் போனாள். எங்கே இருந்தாலும் கடலுக்கு முதுகு காட்டி இருந்தாள்.

இன்றைக்கு இந்த மீனவ ஊர். நூதனசாலை என்று ஒரே ஒரு மண்டபம்.

வழிகாட்டிப் பெண் கெட்டிக்காரி. சாடியைப் பற்றி, பெற்ற பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். எந்த ஊர்க் களிமண். எந்தச் சூளை. யாருக்குப் போன எண்ணெய். உடலில் ஏறிய உப்புப் போகட்டுமென்று மாதக்கணக்கில் நல்ல தண்ணீரில் ஊறவைத்தார்களாம்.

"வலையில வேற என்ன வந்தது எண்டு கேள்."

நங்கூரம். நாணயங்கள். வெண்கலத்தில் ஒரு கை.

"ஆக்கள்?"

ஆரபி சிரித்தாள். "இரண்டாயிரம் வருசம் அம்மா. எலும்பும் மிஞ்சாது."

"அந்தக் கப்பல் இல்லை. தொண்ணூறுகளில ஒரு படகு தாண்டது. இந்தக் கடல்ல. அகதியா வந்த எங்கட பொடியள். வலையில வந்தவையோ எண்டு கேள்."

வாசலடியில் அஞ்சலட்டைகளைச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்த கணவரின் கை நின்றது.

ஆரபி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

வழிகாட்டிப் பெண் தலையை ஆட்டினாள். அப்படி ஒன்றையும் தான் கேள்விப்படவில்லையாம். பொய் சொல்லும் முகமில்லை. அப்போது அவள் பிறந்தே இருக்கமாட்டாள்.

டிக்கெட் மேசையில் இருந்த கிழவர் எழும்பினார். தங்கள் மொழியில் ஏதோ சொன்னார். வழிகாட்டிப் பெண் வெடுக்கென்று ஒரு சொல்லில் அவரை நிறுத்தினாள்.

கிழவர் நிறுத்திக்கொண்டார். ஆனால் அம்மாவைப் பார்த்தபடி, இடது சுட்டுவிரலால் தன் வலது மணிக்கட்டைச் சுற்றி மெதுவாக ஒரு வளையம் போட்டார்.

"என்னவாம்?"

"வயசு போட்டுதாம் அம்மா. அவர் இப்பிடித்தான் உளறுவாராம்."

நூல்.

ஊரைவிட்டு ஐரோப்பாவுக்கு வெளிக்கிட்ட அன்று கோயிலடியில் வைத்துத் தம்பியின் கையில் அவள்தான் கட்டினாள். கூச்சப்பட்டுச் சட்டைக் கையை இழுத்து மூடினான். பத்தொன்பது வயது.

ஆனால் நூல் கட்டாமல் அந்தப் படகில் ஏறின பொடியன் எவன்? ஒவ்வொரு கையிலும் ஒரு தாயோ ஒரு அக்காவோ கட்டினது இருந்திருக்கும்.

அவனாக இருக்கலாம். வேறொருத்தியின் தம்பியாகவும் இருக்கலாம்.

யாரோ வலையில் வந்திருக்கிறான். கரைக்குக் கொண்டுவரவில்லை, திரும்பக் கடலிலேயே விட்டிருக்கிறார்கள்.

அவள் நேரே கிழவரிடம் போனாள்.

"எங்க விட்டனீங்கள்?"

அவருக்குத் தமிழ் தெரியாது. தலை குனிந்தார். அவர்கள் வெளியே போகும்வரை நிமிரவில்லை.

கடலைப் பார்த்த வீட்டுக்குத் திரும்பினார்கள்.

வீட்டில் கணவர்தான் தட்டுகளை எடுத்து வைத்தார். ஒன்றோடொன்று மோதவிட்டு வைத்தார்.

"முப்பது வருசமாகுது. பிள்ளை ஆசையாக் கூட்டிக்கொண்டு வந்தவள். இப்ப ஏன் இதைக் கிளறுறீர்?"

"எதை அப்பா?" என்றாள் ஆரபி.

அவர் தண்ணீர் ஊற்றினார்.

"எதை?"

படகே தாழவில்லை என்றுதான் அன்று எல்லா நாடும் சொன்னது. தப்பி வந்தவர்கள் சொன்னதை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. உடல் இல்லை. ஆகவே சாவும் இல்லை, செத்தவீடும் இல்லை. தம்பியின் படத்துக்கு மாலை போட அவளுடைய அம்மா சாகும்வரை விடவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் அவள் அந்தக் கதையை எடுக்கும்போதெல்லாம் கணவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவார். அவளும் பிறகு எடுப்பதில்லை.

"உனக்கொரு மாமா இருந்தவன்," என்றாள். "குலேந்திரன்."

மகள் அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னாள். அறியாத ஓர் ஊரின் பெயரைச் சொல்வதுபோல.

அதைக் கேட்டபிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. தம்பிக்காக அல்ல. இருபத்துநாலு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பெயர் புதிதாக இருந்ததற்காக.

"நீங்கள் ஏன் அப்பா சொல்லேல்லை? இந்தத் தீவு எண்டு தெரிஞ்ச உடனயாவது..."

கணவர் எழும்பினார். கடல் பக்கத்து யன்னலைச் சாத்தினார். கொளுக்கியைப் போட்டார். பிறகும் அதிலிருந்து கையை எடுக்காமல், இவர்கள் பக்கம் திரும்பாமல் நின்றார்.

"இரைச்சலாக் கிடக்கு," என்றார்.

வெளியே காற்றில்லை. கடல் அசையாமல் கிடந்தது.