முழங்காலளவு தண்ணீர்

புலம்பெயர்ந்து குடியேறிய நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்று பேர் இருந்தார்கள். யன்னல் பக்கம் றெனோல்ட், அவனருகில் மனைவி ஜென்சி, எதிரே தங்கச்சி நிரஞ்சனி. நடுவில் கிரேக்கத் தீவுக் கடற்கரையில் எடுத்த படங்கள்.

"நல்ல மணல் என்ன, அண்ணை?"

"ஓம். குஞ்சு குருமன் பிள்ளையளெல்லாம் தண்ணியிலதான்."

"ஆழமோ?"

"நூறடி போனாலும் முழங்கால்தான்."

"ஒரு கிழமை வெயில் காய்ஞ்சு அண்ணி கறுத்துப்போனா!" நிரஞ்சனி சிரித்தாள். ஜென்சி சிரிக்கவில்லை.

நிரஞ்சனி படத்தைத் தட்டினாள். "இந்தக் கடலிலதான் என்ர மனுசன் மூழ்கினவரெண்டு எல்லாரும் சொல்லுகினம். முழங்கால் தண்ணியில பேசாலைக் கடலில வளர்ந்த மீன்பிடிகாரன் தாழுவானோ? ஆறு வருசமாச் சொல்லுறன், இவர் எங்கையோ உயிரோட இருக்கிறார்."

"களவா ஆக்களை ஏத்திற ஏஜென்சிக்காரன்ர படகு நடுக்கடலில கவிண்டது, பிள்ளை. அலைதான் அவற்ர உடம்பைக் கரையில கொண்டுவந்து போட்டது. அங்கத்தைச் சவக்காலையில பேரில்லாத குழி ஒண்டு இருக்கு. அவற்ர கழுத்தில கிடந்த இதைக் கோயில்காரர் எடுத்து வைச்சிருந்தவை."

றெனோல்ட் மடுமாதா பதக்கமொன்றை மேசையில் வைத்தான். பின்பக்கத்தில், கலியாணத்துக்கு முன் நிரஞ்சனியே ஊசியால் கீறிய 'நி' இருந்தது.

அவள் அழவில்லை. எழுந்துபோய், பேசாலைப் பங்குச் சுவாமியாருக்கு வருசாவருசம் பூசை கேட்டு எழுதும் கடிதத்தை எடுத்தாள். 'என் கணவர் அமலதாசின் சுகநலனுக்காக' என்று காலையில் எழுதியிருந்தாள். கடைசிச் சொல்லை வெட்டி, மேலே 'ஆன்ம இளைப்பாற்றிக்காக' என்று எழுதினாள். உறையை ஒட்டினாள். மனம் மாறமுதல், கோட்டும் போடாமல் ஓடிப்போய்ச் சந்தித் தபால்பெட்டியில் போட்டுவிட்டாள்.