மடியில் இருந்த பம்ப்

இழுப்பு இருக்கிறதா என்று டாக்டர் சிங்களத்தில் கேட்டார்.

எனக்கும் சிங்களம் வரும். ஆனால் ஆஸ்பத்திரி, ஆபீஸ் என்றால் பேசுவது என் வீட்டுக்காரர்தான். பதிலுக்காக அவர் என் பக்கம் திரும்பினார்.

விடியும்போதே ரப்பர் தோட்டத்து லய வீட்டிலிருந்து இறங்கி, யட்டியாந்தோட்டை ஆஸ்பத்திரிக்கு பஸ் பிடித்து, நான்கு மணி நேரம் பெஞ்சில் காத்திருந்தோம். எனக்குப் பிரஷர் குறையவில்லை. நெஞ்சு வேறு படபடவென்று அடிக்கிறது. அதற்கு டாக்டர் புது மாத்திரை எழுதப் போகிறாராம். இழுப்புக்காரர்களுக்கு அது ஆகாது, மூச்சுக்குழாயைச் சுருக்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும் என்றும் சொன்னார்.

இல்லை என்று தலையாட்டினேன்.

பெண் பார்க்க வந்த அன்று அம்மா அப்படித்தான் ஆட்டச் சொன்னாள். கல்யாணத்துக்குப் பிறகும் இதைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயம்.

இருபத்தாறு வருஷம் ஓடிவிட்டது. இழுப்பு மருந்து பம்ப்பைச் சேலை மடியில் செருகி வைத்து, கக்கூஸுக்குள் தாழ்போட்டுக்கொண்டுதான் வாயில் அடிப்பேன். கபூர் நானாவின் மருந்துக்கடைக்குத் தனியாகத்தான் போவேன்.

இப்போது சொன்னால், இத்தனை வருஷமா ஏமாற்றினாய் என்று கேட்பாரே. அந்தக் கேள்விக்கு இந்த மாத்திரையே மேல் என்று தோன்றியது. அவ்வளவு அலுத்துப்போயிருந்தேன்.

டாக்டர் பேனாவை எடுத்தார்.

என் வீட்டுக்காரர் கையை நீட்டி, மருந்து எழுதும் கிளினிக் கொப்பியை மறைத்தார். பிறகு சிங்களத்தில் நிதானமாகப் பேசினார். இவளுக்கு இழுப்பு இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பே இருந்தது. பனிக்காலத்தில் கூடும். ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் இடத்தில் வேலை கொடுத்தபோது ரொம்பவும் கூடிப்போக, தானே கங்காணியிடம் கெஞ்சி இவளை ரப்பர் பால் வெட்டும் வேலைக்கு மாற்றியதாகவும் சொன்னார்.

அந்த மாற்றத்துக்கு நான் முருகனுக்குத் தேங்காய் உடைத்திருந்தேன்.

டாக்டர் கொப்பியின் அட்டையில் சிவப்பு மையால் இழுப்பு என்று பெரிதாக எழுதினார். உள்ளே வேறு மாத்திரை எழுதினார்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மடியிலதானே வச்சிருக்க. எடுத்து அடி புள்ள, காலையிலேர்ந்து கஷ்டப்படுற."