ஒரே மூச்சில் நாற்பத்திரண்டு

அவசரப் பிரிவு வாசலில் இருக்கும் கருவி, மூச்சுத்திணறலோடு வருகிறவரை ஒரே மூச்சில் எண்ணச் சொல்லும். பதினைந்தைத் தாண்டினால் பச்சை விளக்கு எரியும், அவர் காத்திருக்கலாம். நர்ஸான நான் ஆளையும் ஒருமுறை பார்த்துவிட்டு 'பார்த்தேன்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான்.

மாசிலாமணி நாற்பத்திரண்டு வரை எண்ணினார். பச்சை எரிந்தது.

"மூச்சு வாங்குறப்ப கழுத்துக்குழி உள்ள இழுக்குது பாருங்க சிஸ்டர்," என்றார் அவர் மனைவி அன்னபாக்கியம்.

இழுக்கத்தான் செய்தது. "மெஷினே பச்சை காட்டிருச்சும்மா. போய் உக்காருங்க," என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினேன்.

அரைமணி நேரத்தில் அவர் உதடு நீலம் பாரித்தது. ஓடிப்போய் ஆக்சிஜன் வைத்தோம். மாஸ்க்குக்குள்ளிருந்து ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"கபடி... பாடுனவன்மா... மூச்சு விட்டா... அவுட்டு... மன்னிச்சுக்க."

என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

"கபடிக்காரர்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்?" என்றார் டாக்டர். நானும் வேகமாகத் தலையாட்டினேன்.

அன்னபாக்கியம் என்னைத் திட்டவில்லை. என் கையைப் பிடித்து மெதுவாகக் கேட்டார்: "நீங்க பாத்தீங்கதானே சிஸ்டர்?"

திரையில் மாசிலாமணியின் பெயருக்கு நேரே என் பதில் ஏற்கெனவே இருந்தது: பார்த்தேன்.