அழுத்திப் பிடித்த கை

பல்கலைக்கழக மருத்துவமனையில் அறுவைப் பயிற்சிக்குச் சேர்ந்திருந்த அவளுக்கு, பெரிய ஆபரேஷனில் உதவுவது அதுதான் முதல் தடவை. மேசையில் மயக்கத்தில் கிடந்தவர் ஒரு பேருந்து ஓட்டுநர். பேராசிரியர் கட்டியை எடுக்கும்போது ரத்தக்குழாய் ஒன்று கிழிந்தது. கண்மூடித் திறப்பதற்குள் வயிற்றுக்குள் ரத்தம் நிரம்பியது.

"அழுத்திப் பிடி!" என்றார் பேராசிரியர்.

அவளுடைய இரு கைகளும் கல்லீரலைத் தூக்கிப் பிடித்திருந்தன. அதைச் சொல்ல வாய் திறப்பதற்குள், அவள் முழங்கைக்கு அடியிலிருந்து கையுறை போட்ட கையொன்று நீண்டு, கிழிசலை விரலால் அடைத்தது. ரத்தம் நின்றது.

பேராசிரியரின் கைகளில் ஊசியும் இடுக்கியும் இருந்தன. நர்ஸ் எதிர்ப்பக்கம் நின்றிருந்தார். அவளருகே வேறு யாரும் இல்லை.

"சார், இது யாரோட..."

"அசையாதம்மா. அந்தக் கை விலகுச்சுன்னா ஆளு போயிடுவாரு."

நிதானமாகத் தைத்து முடிச்சிட்டார். "போதும், எடுத்துடலாம்" என்றார். கை பின்வாங்கியது.

ஓட்டுநர் பிழைத்துக்கொண்டார். அவரை வார்டுக்கு அனுப்பிய பிறகு, கை கழுவும் இடத்தில் அவள் மறுபடியும் கேட்டாள்.

"எனக்கும் தெரியலைம்மா. நான் படிக்க வந்த காலத்துலேருந்து இருக்கு. ஒரு தடவைகூடப் பிசகினதில்லை" என்று சொல்லிக் குழாயை மூடினார்.

உள்ளே நர்ஸ் அடுத்த ஆபரேஷனுக்குக் கையுறைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஆளுக்கொரு ஜோடி வைத்தார். பிறகு ஓரமாக, இடக்கை உறை ஒன்றை மட்டும் தனியாக வைத்தார்.