ஒரிஜினல் வைத்த பீரோ

முதல் அறை பிரின்சிபால் ரத்தினசாமியின் கன்னத்தில் விழுந்தது. அவருடைய மூக்குக்கண்ணாடி பறந்துபோய், சுவரில் 'நூறு சதவீத வேலைவாய்ப்பு' என்று எழுதி ஒட்டியிருந்த போஸ்டரில் மோதி உடைந்தது.

"சாவி எங்க சார்?" என்றான் ஜெயபாண்டி. மெக்கானிக்கல் விரிவுரையாளர். மூன்று வருஷமாக இந்தக் கல்லூரியில் 'பொருட்களின் வலிமை' என்ற பாடத்தை நடத்துகிறவன். அதைச் செய்முறையாக நடத்துவது இதுதான் முதல் தடவை.

"சாவி முதலாளிகிட்ட இருக்குதுங்க," என்றார் ரத்தினசாமி. உதட்டில் ரத்தம் இறங்கியும் 'ங்க' மட்டும் இடம் தவறாமல் வந்தது.

முதலாளி மாரப்பன் பனியன் கம்பெனிக்காரர். கம்பெனியில் சேரும் டெய்லர் பாதியில் ஓடிவிடக் கூடாதென்று, அவனுடைய ரேஷன் கார்டை வாங்கி வைத்துக்கொள்வார். பல்லடம் ரோட்டில் இன்ஜினியரிங் காலேஜ் கட்டியபோது அந்த வழக்கமும் மேல்படிப்புக்கு வந்தது. இங்கே வேலைக்குச் சேர்ந்த அத்தனை பேரின் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளும் இந்தப் பிரின்சிபால் அறை பீரோவில் இருந்தன. சாவி டவுனில் மாரப்பன் இடுப்பில் தொங்கியது.

பொறியியல் ஆசிரியர் சங்கத்தின் செய்திமடல் மாதாமாதம் வரும். வேலைவாய்ப்புப் பக்கத்தை பிளேடால் வெட்டி எடுத்துவிட்டுத்தான் அதை நோட்டீஸ் போர்டில் மாட்டுவார்கள். போன மாதம் யாருக்கு என்ன அசதியோ, பக்கம் முழுசாக இருந்தது. கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றில் இடம் காலி.

ஜெயபாண்டி சொல்லாமல் போய் இன்டர்வியூ கொடுத்தான், எடுத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஒரிஜினலோடு வந்து நிற்க வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் அடுத்த ஆளுக்கு. இன்று சனிக்கிழமை மத்தியானம் ஆகிவிட்டது. ஒரு வாரம் கெஞ்சிப் பார்த்தவன், இன்று ஒர்க்‌ஷாப்பிலிருந்து மூன்றடி இரும்புக் கம்பியோடு வந்திருந்தான்.

"எங்கம்மா பனியன் கம்பெனில பதினாறு வருஷம் நின்னுக்கிட்டே செக்கிங் பாத்து என்னைய படிக்க வச்சது சார். அந்தச் சர்டிபிகேட்டுத்தான் உள்ள கெடக்கு."

"அப்படீங்களா. நீங்களும் செக்கிங்குக்கே போயிருக்கலாமுங்க."

கம்பி இறங்கியது. ரத்தினசாமி தோளைப் பிடித்துக்கொண்டு நாற்காலியோடு சரிந்தார். மேசைக் கண்ணாடி நொறுங்கியது. கீழே கிடந்தவரின் இடுப்பில் ஜெயபாண்டி ஒரு உதை விட்டான்.

"தெக்கத்தி ஆளுகன்னா கோவக்காரங்கன்னு சொன்னாங்க," என்று முனகினார் ரத்தினசாமி. "இவ்வளவுதானுங்களா?"

அடுத்த குத்தில் அவருடைய முன்பல் ஒன்று கழன்று தரையில் விழுந்தது.

கதவைத் தட்டும் சத்தம். "ஐயா, உள்ள என்னங்க சத்தம்?" வாட்ச்மேன் வெள்ளையன்.

ஜெயபாண்டி கம்பியைப் பிரின்சிபாலின் தொண்டையில் வைத்து அழுத்தினான்.

"பீரோவ நகத்தறோமுங்க," என்றார் ரத்தினசாமி. "நீங்க ஊட்டுக்குப் போயி சோறு உண்டுட்டு மெதுவா வாங்க. ஒண்ணும் அவசரமில்லீங்க."

செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது. தொண்டையில் கம்பி இருந்தால் மனிதனுக்கு எத்தனை சரளமாகப் பொய் வருகிறது என்று ஜெயபாண்டிக்கே ஆச்சரியம்.

"பீரோவ ஒடைக்கப் போறேன். வாயத் தொறந்தீக, மண்டையப் பொளந்துருவேன்."

"ஒடைங்க பாக்கலாம். இதெல்லாம் உங்க கைக்கு மசியாதுங்க."

ஜெயபாண்டி ஓங்கி அடித்தான். பீரோ அதிர்ந்தது, கதவு அசையவில்லை. வெறி ஏறி நான்கு, ஐந்து, ஆறு என்று அடித்தான். பெயின்ட் உதிர்ந்தது. உள்ளங்கை கிழிந்து ரத்தம் கம்பியில் வழிந்தது.

தரையிலிருந்து இருமல் கலந்த சிரிப்பு வந்தது. "மெக்கானிக்கல் வாத்தியாரு பண்ற வேலைங்களா இது? நெம்புகோல்னு ஒண்ணு இருக்குதுங்களே, படிச்சீங்களா, இல்ல காப்பி அடிச்சுப் பாஸ் பண்ணீங்களா?"

அவமானத்தில் ஜெயபாண்டிக்குக் காது சிவந்தது. திரும்பி வந்து அவர் வயிற்றில் இன்னொரு உதை விட்டான். பிறகு கம்பியின் நுனியைக் கதவு இடுக்கில் சொருகி, காலைச் சுவரில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். பூட்டு தெறித்தது. கதவு அலறிக்கொண்டு திறந்தது.

பழுப்புக் கவர்கள் தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தன. தன் பெயரைக் கண்டுபிடித்துக் கவரைக் கிழித்தான். பத்தாவது, பன்னிரண்டாவது, பி.இ., எம்.இ. எல்லாம் இருந்தன. பட்டத்தின்மேல் விழுந்த ஒரு சொட்டு ரத்தத்தைச் சட்டையால் ஒற்றி எடுத்தான்.

அப்போதுதான் அவனுக்கு அறை கண்ணில் பட்டது. ஐம்பத்தைந்து வயது மனிதர், ஒரு கண் வீங்கி, கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே பல்லைத் தேடிக்கொண்டிருந்தார். ஜெயபாண்டி கம்பியைக் காலால் தூரத் தள்ளினான்.

"போலீசுக்குச் சொல்லிக்கங்க சார். நான் ஓட மாட்டேன். நான்தான் அடிச்சேன், நான்தான் ஒடைச்சேன். யாரு கேட்டாலும் சொல்லுவேன்."

"நிச்சயமாச் சொல்லுவீங்களா?"

"எங்கம்மா மேல சத்தியமா."

ரத்தினசாமி கிடைத்த பல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சுவரைப் பிடித்து மெல்ல எழுந்து, வாயிலிருந்த ரத்தத்தைக் குப்பைக் கூடையில் துப்பினார்.

"அப்படீன்னா மேல் தட்டுல மொதக் கவரையும் எடுங்க சார், அது என்னுதுங்க."