கார்பைடு மோதிரம்

மைக்ரானின் சுண்டுவிரல் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது.

பட்டறையில் அளவு சரிபார்க்கிற வேலை அவனுக்கு. ஒரு மயிரிழை கூடினாலும் செய்த சாமானைத் திருப்பி அனுப்பிவிடுவான். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரான் அவனுக்குப் பட்டப்பெயரானது அப்படித்தான். அப்பேர்ப்பட்டவன் அளவு தெரியாமல் ஒரு கறுப்பு மோதிரத்தை மாட்டிக்கொண்டு, கழற்ற முடியாமல் முழி பிதுங்கி நின்றால் யார்தான் சும்மா இருப்பார்கள்? பட்டறையே விழுந்து விழுந்து சிரித்தது.

சோப்பு போட்டார்கள். கிரீஸ் தடவினார்கள். வெல்டர் அண்ணன் அரத்தால் ராவியதில் அரம்தான் மழுங்கியது.

லேத் என்கிற கடைசல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, அதை ஓட்டுகிற டர்னர் வந்தாள். பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது, கார்பைடு. அவள் லேத்தில் இரும்பைச் சீவுகிற முனையும் அதுதான்.

கூடவே இன்னொன்றும் அவளுக்கு உறைத்தது. அவன் விரலுக்கு மோதிரம் வந்துவிட்டதென்றால் அதைப் போட்டுவிட ஒரு பெண்ணும் வந்துவிட்டாள் என்றுதானே அர்த்தம்? மூன்று வருடமாக அவனை நினைத்து மனசுக்குள் கோட்டை கட்டியவள் இவள். சரி, போகட்டும். முதலில் விரல் பிழைக்கட்டும்.

தங்கம், செம்பு என்றால் உள்ளே அணுக்கள் வரிசை வரிசையாக நழுவி இடம் கொடுக்கும், அதனால் வளையும், சுலபமாக வெட்டலாம் என்றாள். கார்பைடில் ஒவ்வொரு அணுவும் பக்கத்தில் இருப்பதை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு நகரவே நகராதாம். அதனால் கீறல் விழாது. ஆனால் அழுத்தினால் நசுங்கத் தெரியாமல் பட்டென்று உடைந்துவிடும்.

விரலும் சேர்ந்தா என்று மைக்ரான் ஈனக்குரலில் கேட்டான். நசுங்காத மோதிரம் விரலை எப்படி நசுக்கும் என்று அவள் அதட்டினாள்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, துணியைச் சுற்றி, கிரிப் பிளையர் என்கிற பூட்டுக் குறடால் மோதிரத்தைக் கவ்வினாள். விட்டாள். குறடின் திருகாணியைக் கால் சுற்று இறுக்கி மறுபடி கவ்வினாள். ஒவ்வொரு கவ்வலுக்கும் முகம் தெரியாத அந்த மகராசியை மனசுக்குள் ஒரு திட்டு திட்டினாள். எட்டாவது திட்டில் 'டக்' என்றது.

துணியில் மூன்று துண்டுகள். விரலில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. வெல்டர் அண்ணன் விசிலடித்தார்.

மைக்ரான் விரலைப் பார்க்கவேயில்லை. துண்டுகளைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டு அழுதுவிடுவான் போல நின்றான்.

"உங்களுக்கு வாங்கினதுங்க. உங்க லேத் முனை மாதிரியே இருக்கட்டும்னு தேடி வாங்கினேன். சாயங்காலம் கேக்கலாம்னு... அதுவரைக்கும் தொலைஞ்சிடக் கூடாதேன்னு போட்டுக்கிட்டேன்."

விசில் பாதியில் நின்றது. இத்தனை நேரம் அவள் திட்டித் தீர்த்தது தன்னையேதான். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கண்ணீரும் கூடவே வந்தது. அந்த லேத் மேலேயே ஏறிக் குதிக்கலாம் போலிருந்தது அவளுக்கு.

"அடுத்தது தங்கத்துல வாங்குங்க. சிக்கிக்கிட்டா வெட்டி எடுத்துட்டு, திரும்பப் பத்தவச்சுப் போட்டுக்கலாம்."