மூணு தலைவர், ஒரு மைக்

"இந்தம்மா இதோட எத்தனை தடவை 'நான்' சொல்லிட்டாங்க தெரியுமா? ஏழு," நோலீன் பல்லைக் கடிச்சா.

பக்கத்துல நின்ன போலீஸ் தலைவர் ஸ்டாவ்ரோஸ் மேடையைவிட்டுக் கண்ணை எடுக்கல.

காட்டுத்தீ அடங்கின சாயங்காலம். ஊரே மன்றத்துல கூடியிருந்துது. மில் தெருவுல பதினோரு வீடு போச்சு, ஆனா ஒரு உயிர்கூடப் போகல.

மூணு நாளா தீயணைப்பு, வனத்துறை, போலீஸ்னு மூணு தலைவருங்க. ஒரே மேசை, ஒரே திட்டம். யோசனை யாரோடதா இருந்தாலும் வெளியே சொல்றப்ப 'நாங்க'தான். உள்ளே யார் என்ன சொன்னாங்கன்னு குறிச்சு வைக்கறது நோலீன் வேலை.

டிவிக்காரங்க வந்தாங்களோ இல்லையோ, வனத்துறை கிளெனிஸ் புடிச்ச மைக்கை விடவே இல்ல.

"மில் தெருவுல நின்ன நாலு தீயணைப்பு வண்டியையும் முதியோர் இல்லத்துக்குத் திருப்பினது நான். முடிவு பண்ணது நான்."

"எட்டு, ஒன்பது. ஸ்டாவ்ரோஸ், அது மெர்வ் சொன்ன யோசனை. நேரத்தோட எழுதியிருக்கேன். உங்களுக்கு வரவேண்டிய பேரும் போகுதே, கோவம் வரலியா?"

"டிவியில என் மூக்கு பெருசாத் தெரியும். விடுங்க."

உள்ளூர்த் தீயணைப்புத் தலைவர் மெர்வ் மேடை ஓரத்துலேர்ந்து ஏதோ சொல்ல வந்தார். கிளெனிஸ் குரலை உசத்திட்டாங்க.

முன்வரிசையில மில் தெருக்காரர் ஒருத்தர் எழுந்து விறுவிறுன்னு வெளியே போனார்.

"பாருங்க, வீட்டைப் பறிகொடுத்தவருக்கே இந்தப் பெருமை தாங்கல," நோலீன் முணுமுணுத்தா.

கூட்டம் கலைஞ்சதும் நோலீன் நோட்டோட போய் நின்னா.

"கிளெனிஸ், இதுல மெர்வ் பேர் இருக்கு. அடிச்சுட்டு உங்க பேரைப் போடவா?"

"நோட்டுல கை வைக்காதீங்க. நாளைக்கு விசாரணைன்னு வந்தா உள்ளது உள்ளபடி இருக்கணும். கையெழுத்து மூணு பேரும்தானே போட்டோம்."

"அப்போ மேடையில சொன்னது?"

கிளெனிஸ் மேல போட்டிருந்த வனத்துறை மஞ்சள் கோட்டைக் கழட்டி மடிச்சாங்க. "மெர்வுக்கு இங்க பொழப்பு என்ன?"

"தீயணைக்கறதுக்குச் சம்பளம் கிடையாது. ரொட்டிக்கடை வெச்சிருக்கார்."

"அந்தப் பதினோரு வீட்டுக்காரங்களும் தினம் காலையில அவர் முகத்துலதான் முழிக்கணும். நான் நாளைக்கு மெல்போர்ன் போயிடுவேன், என்னைத் திட்டிட்டுப் போகட்டும்."